கரண்ட் போன பிறகு வரும் பத்து நிமிடம்

சென்னை ரிச்சி தெருவில் யூபிஎஸ் விற்கும் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு நேரம் பேக்கப் வேணும் சார்?" கேட்பவர் பழுத்த அனுபவசாலி. வருகிறவர் மனதில் அதைத் தவிர வேறு கணக்கு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். "ஒரு மணி நேரமாவது ஓடணும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை 600 விஏ பெட்டியை விட்டுவிட்டு மேல் தட்டில் இருக்கும் பெரிய பெட்டியைத் தேடிப் போகும். கொஞ்சம் நேர்மையானவராக இருந்தால், "அப்ப நீங்க இன்வெர்ட்டரே போட்டுடுங்க சார்" என்பார். இந்தப் பேச்சு முழுவதிலும் இரண்டு தரப்பும் கேட்டுக்கொள்ளாத ஒன்று உண்டு. கரண்ட் போனால், செய்துகொண்டிருக்கும் வேலையை ஒழுங்காக முடித்துக் கணினியை மூட எவ்வளவு நேரம் ஆகும்?

பேட்டரியிலிருந்து மின்சாரம் தருவது என்ற அளவில் யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குணம் வேறு. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் கரண்ட் போனதே பாதி நேரம் தெரியாது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, எதிர்வீட்டு ஜன்னல் இருண்டு கிடப்பதைப் பார்த்துத்தான் "ஓ, போயிடுச்சா" என்கிறோம். மேசைக்கு அடியில் கிடக்கும் யூபிஎஸ் அப்படி விடாது. உள்ளே ரிலே ‘டிக்’ என்று தட்டும். பிறகு சில விநாடிக்கு ஒருமுறை கீச்சிடும். பேட்டரி தீரத் தீரக் கீச்சல் நெருக்கமாகும். இந்தச் சத்தம் பிடிக்காமல் ம்யூட் பட்டன் உள்ள மாடலாகத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. பெட்டியைத் திறந்து பஸ்ஸரையே பிடுங்கிப் போட்டுவிடும் மெக்கானிக்கும் உண்டு. எனக்கு அந்தக் கீச்சலின் மேல் மரியாதைதான். போனதைப் போகவில்லை என்று அது நடிப்பதில்லை. போய்விட்டது, முடித்துக்கொள் என்கிறது. முடித்துக்கொள்வதற்கான அவகாசத்தைக் கொடுப்பதற்காகவே பிறந்த கருவி அது. அதைப் போய் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டால் பாவம், என்ன செய்யும்?

கணினிக்குள்ளேயே இப்படிப்பட்ட அவகாசங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்டு. கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். வெளியே கரண்ட் அறுந்த பிறகும், முழு லோடில் ஏறக்குறைய 16 மில்லிசெகண்டு அது தன் சேமிப்பைக் கொண்டு மதர்போர்டைத் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. சாதாரண யூபிஎஸ் மெயின்ஸிலிருந்து பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்வது 4 முதல் 10 மில்லிசெகண்டு வரை. அந்த இடைவெளியைக் கெப்பாசிட்டர் நிரப்பிவிடுவதால், கணினிக்குக் கரண்ட் போன சேதியே போய்ச் சேருவதில்லை. இன்வெர்ட்டரில் கணினியை மாட்டியவர்கள் சிலருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆவதன் மர்மமும் இதுதான். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’ என்று இரண்டு நிலை கொண்ட சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலில் வைத்தால் ஏற்ற இறக்கமான வோல்டேஜையும் பொறுத்துக்கொண்டு ஓடும், ஆனால் மாறும்போது சாவகாசமாக மாறும். ஃபேனுக்கு அது ஒரு பொருட்டில்லை. கணினி அதற்குள் விழுந்துவிடும். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிப் பார்க்காமல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

இதைவிட எனக்கு வியப்பானது பழைய ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்தில் தட்டு சுழல்கிறது. அதற்கு மேல், தொடாமல் மிதந்தபடி படிக்கும் முனை. திடீரென்று கரண்ட் அறுந்தால் முனை தட்டின் மேலேயே இறங்கிக் கீறிவிட வேண்டியதுதான் நியாயம். அப்படி ஆகாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் போன பிறகும் தட்டு தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றும் அல்லவா? அந்தச் சுற்றில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடுகிறது. அது தரும் கடைசிச் சொட்டு மின்சாரத்தைக் கொண்டு முனை தன் ஒதுக்கிடத்துக்குப் போய் நின்றுகொள்கிறது. தன் ஓட்டத்தின் மிச்சத்தைக் கொண்டே தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளும் பொருள். இப்போதைய எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. பெரிய சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில், கையில் இருக்கும் தகவலை எழுதி முடிக்கத் தனியாகக் கெப்பாசிட்டர் வரிசை வைக்கிறார்கள். வீட்டுக்கு விற்பவற்றில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். வேகம் கூடிய அளவுக்கு, திடீர் நிறுத்தத்தைத் தாங்கும் சக்தி கூடவில்லை.

மனிதர்களின் பக்கம் வந்தால், தமிழில் இந்த அவகாசத்தின் அருமையை முதலில் படித்தவர்கள் டிடிபிக்காரர்கள். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் ஒரே அறையில், ஒரே பேஜ்மேக்கர் மென்பொருளில் உருவான காலம். முப்பது பக்கம் அடித்துப் பத்தி பிரித்து, அடிக்குறிப்பு வைத்து முடிக்கும்போது சட்டென்று திரை இருண்டுவிடும். ஒரு வாக்கியம் அடித்ததும் இடது கை தானாகக் கன்ட்ரோல்–எஸ் அழுத்துகிற பழக்கம் அந்தத் தலைமுறையின் விரல்களில் இன்னும் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் எழுதும்போதுகூட அழுத்துகிறார்கள். கரண்ட் திரும்பி வந்தாலும் தண்டனை முடியாது. விண்டோஸ் 98 நீலத் திரையில், டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டும். முறையாக மூடியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒரு வாத்தியார்த்தனமான அறிவுரை வேறு. மூடியது நாமா, மின்வாரியமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சரி, எதை வாங்குவது? பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணை அப்படியே வாட்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 600 விஏ என்று எழுதிய வீட்டு மாடல் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். அதேபோல எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பது அதன் திராணி. கணினி உண்மையில் இழுப்பது அதில் சிறு பங்குதான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எழுத்து வேலையும் கணக்கு வேலையும் பார்க்கும் கணினி, எல்இடி மானிட்டரோடு சேர்த்து நூறு வாட்ஸ் பக்கம் நிற்கும். ஒரு காலத்தில் குண்டு மானிட்டர் தனியாகவே அவ்வளவு தின்றது. 600 விஏ பெட்டிக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்–அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்–அவர் வரும். அப்படியானால் நூறு வாட்ஸுக்கு ஐம்பது நிமிடம் ஓட வேண்டுமே என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த ஏழு ஆம்பியர் என்பது இருபது மணி நேரம் சொட்டுச் சொட்டாக எடுத்தால் கிடைப்பது. நாம் பத்து ஆம்பியராக உறிஞ்சினால் ஈய பேட்டரி கணக்குக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். 1897இல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதிவைத்த விஷயம் இது. மாற்றும்போது வீணாவதையும் கழித்தால், பேட்டரி புதிதாக இருக்கும்வரை இருபது நிமிடம் வரும். லோடு இருநூறு வாட்ஸ் ஆனால் பாதியாகாது, பாதிக்கும் கீழே போய்விடும்.

ஆனால் இருபது நிமிடம் எதற்கு? ஃபைலைச் சேமித்து, திறந்து கிடப்பவற்றை மூடி, ஷட்டவுன் கொடுக்க ஐந்து நிமிடம் தாராளம். ஆகவே கடைக்காரரிடம் பேக்கப் நேரத்தைப் பற்றிப் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள் என்பேன். யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போனால், பேட்டரி குறையும்போது கணினியே தன்னை மூடிக்கொள்ளும்படி செய்யலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. ஆளில்லாத வீட்டில் கீச்சிட்டு என்ன பயன்? இங்கே அதிகம் விற்கும் மலிவான 600 விஏ பெட்டிகளில் இந்த போர்ட் பெரும்பாலும் இருக்காது. கூடுதலாகக் கொஞ்சம் காசு போனாலும் அது இருக்கும் மாடலையே எடுப்பேன். அதில்லாத யூபிஎஸ் பாதி யூபிஎஸ் என்பது என் கட்சி.

லோ வோல்டேஜ் தொல்லை உள்ள ஊர்களுக்கு லைன் இன்டராக்டிவ் என்று சொல்லும் வகை போதும். வோல்டேஜ் இறங்கினால் உள்ளேயே தூக்கிக் கொடுக்கும், ஏறினால் குறைக்கும். பேட்டரியைத் தொடாது. எந்நேரமும் மெயின்ஸை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கியே தரும் ஆன்லைன் வகை மருத்துவமனைக் கருவிக்கும் சர்வருக்கும் உரியது. அதன் விசிறிச் சத்தத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி எழுத முடியாது. விலையுயர்ந்த எஸ்எம்பிஎஸ் போட்டிருப்பவர்கள் சைன் வேவ் மாடலாகப் பார்ப்பது நல்லது. மலிவுப் பெட்டிகள் பேட்டரியில் ஓடும்போது தருவது படிக்கட்டாக வெட்டிய அலை. சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல், மாறும் கணத்திலேயே அணைந்துவிடும்.

யூபிஎஸ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வெறுங்காலோடு தரையில் நின்று கணினிப் பெட்டியின் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். சிலீரென்று எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் வீட்டில் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் தங்கள் கசிவை எர்த் ஒயரில்தான் இறக்கும். எர்த் இல்லையென்றால் அது பெட்டியின் உடம்பில் தங்கிவிடும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாம் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து யூபிஎஸ் வாங்குகிறவர், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுப்பதற்கு மட்டும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேட்டரி பெட்டிக்குள் இருக்கும்வரை நாம் அதை நினைப்பதில்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. சித்திரை மாதத்து மாடி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். விட்டுவிட்டால் பக்கங்கள் உப்பி, பெட்டியிலிருந்து உருவவே வராது. பெட்டி வந்த அட்டையில் நீலமும் பச்சையுமாக என்ன வரைந்திருந்தாலும் உள்ளே கனப்பது ஈயம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் இருநூறு முந்நூறு கழிப்பார்கள். காயலான் கடைக்காரர் அதற்கு மேலும் தருவார். ஆனால் அங்கிருந்து அது போகும் வழியில், எங்கோ ஒரு ஊர்ப்புறத்தில் திறந்த உலையில் ஈயத்தை உருக்குகிறார்கள், அந்தப் புகையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பேட்டரிக் கழிவுக்கென்று 2022இல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. விற்ற கம்பெனியே திரும்ப வாங்கி முறையாகச் சேர்ப்பிக்க வேண்டும் என்கின்றன. எக்ஸ்சேஞ்ச் விலை கொஞ்சம் குறைவானாலும் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்குவதுதான் சரி.

இன்வெர்ட்டரின் மேல் எனக்குள்ள மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மின்சாரம் பற்றாமல்போன 2012இல் சென்னைக்கு அறிவித்த மின்வெட்டு நாளுக்கு இரண்டு மணி நேரம். "எங்க ஏரியாவுக்கு பத்துலேர்ந்து பன்னெண்டு" என்று அட்டவணை போட்டு வாழலாம். கோவை, மதுரை, திருச்சிப் பக்கங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. அங்கே அட்டவணையும் இல்லை. அந்த ஆண்டு ஜூலை கடைசியில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்தோம். தெற்கு மின்தொகுப்பு அப்போது தனித்து நின்றது. அதே தனிமையால்தான் வெளியே மின்சாரம் இருந்தாலும் வேண்டிய அளவு கொண்டுவரப் பாதை போதவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கு நாட்டின் தொகுப்போடு இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று. இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது. யூபிஎஸ் செய்வதில் பெயர் பெற்ற சென்னையின் நியூமரிக்கைப் பிரான்சின் லெக்ராண்ட் வாங்கியதும் அதே 2012இல்தான். தற்செயலாக இருக்கலாம்.

மூன்று யூனிட் எடுத்து ஏறக்குறைய இரண்டைத் திருப்பித் தரும் கருவி இன்வெர்ட்டர். இரண்டு மணி நேர வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் தெரு முழுவதும் அது ஒரே மூச்சில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பற்றாக்குறையை அது குறைக்கவில்லை, கூட்டியது. கூடிய பங்கு, பேட்டரி வாங்க முடியாதவர்களின் தலையில் விழுந்தது. வாங்கியவர்களுக்கோ வெட்டைப் பற்றிக் கோபப்படும் தேவையே போய்விட்டது. ஈபி ஆபீஸுக்கு போன் போடுகிறவர்களில் இன்வெர்ட்டர் வீட்டுக்காரர் எத்தனை பேர்? கீச்சிடும் சின்னப் பெட்டியிடம் இந்தக் குற்றம் கிடையாது. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதுவும் மற்றவர்களோடு இருட்டில் உட்கார்ந்துவிடுகிறது.

இப்படியே முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் 2020க்குப் பிறகு இந்த வாதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்குச் சேமிப்பதற்கு என்ன இருக்கிறது? எழுதுவது எழுத எழுத எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் அறுவது வேலை அல்ல, பேச்சு. மீட்டிங்கில் பாதி வாக்கியத்தில் ஆள் காணாமல் போய்விடுகிறார். ஆகவே இன்று காக்க வேண்டியது ரவுட்டரை. அது தின்பது பத்து வாட்ஸ்தான். அதற்கென்று உள்ளங்கை அகலத்தில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள், லித்தியம் செல் போட்டது. சில மணி நேரம் தாங்கும். மூடுவதற்குப் பிறந்த கருவியின் வாரிசு, தொடர்வதற்கு வேலை பார்க்கிறது. இதை நான் குறை சொல்ல முடியாது. மேசைக்கணினி வைத்திருப்பவர்கள்கூட யூபிஎஸ்ஸின் மூன்று பாயிண்டில் ஒன்றை ரவுட்டருக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகிவிடாதீர்கள். அதன் சூட்டு உருளை எழும்பும்போது இழுக்கும் இழுப்பில் பெட்டி முழுவதும் படுத்துவிடும்.

பழைய லேண்ட்லைன் போன் ஊரே இருண்டாலும் பேசியது. கரண்ட் நம் வீட்டிலிருந்து போகவில்லை, எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்திருந்த 48 வோல்ட் பேட்டரிகளிலிருந்து அந்த ஒயர் வழியாகவே வந்தது. ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் ஒரு பேக்கப். அதற்குத் தண்ணீர் ஊற்றவும் ஜெனரேட்டர் போடவும் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். ஃபைபர் வந்த பிறகு கண்ணாடி இழையில் கரண்ட் வராது. அவரவர் பேட்டரி அவரவர் மேசைக்கு அடியில்.

அதிலும் ஒரு சிக்கல். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் போட்ட பிறகும், கரண்ட் போனால் எங்கள் தெருவில் நெட் போய்க்கொண்டிருந்தது. ரவுட்டர் விளக்கு எரிகிறது, நெட் இல்லை. கேபிள்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணே, என் பக்கம் எல்லாம் ஓடுது. அப்புறம் ஏன் நெட் போகுது?"

"நம்ம சுவிட்ச் பெட்டி மூணாவது வீட்டு மொட்டை மாடியில இருக்கு சார். அவங்க லைன்லதான் ஓடுது. அவங்களுக்கு கரண்ட் போனா அதுவும் போயிடும்."

பெரிய கம்பெனிகளின் ஃபைபரில் தெருவில் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்டே தேவைப்படாது. எக்ஸ்சேஞ்சிலும் நம் வீட்டிலும் இருந்தால் போதும். உள்ளூர் கேபிள் வழியாக வரும் பல இணைப்புகள் அப்படி இல்லை. ரவுட்டருக்கு பேட்டரி வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

"அவங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே?"

"இருக்கு சார். அதுலேர்ந்துதான் ஒரு ஒயர் எடுத்துக் குடுத்திருக்காங்க, அவங்களுக்கு மாசக் கேபிள் ஃப்ரீ. பேட்டரிதான் பழசாயிடுச்சு, பத்து நிமிஷம்கூட நிக்கறதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெருக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டா புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிடலாம். நீங்க நாலு வீட்டுல பேசிப் பாருங்களேன்."

ட்யூபுலர் பேட்டரி ஒன்று என்ன விலை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதலில் போய்ப் பேச வேண்டியது அந்த மூன்றாவது வீட்டம்மாவிடம்.